டெலிபோன் அக்காவின் இரண்டாயிரம் துண்டுகள்

காவிரி பாயும் ஊர்களில் டெலிபோன் அக்காவைவிடப் பிடிவாதக்காரர் எவரும் பிறந்ததில்லை. பாபநாசத்தில் என் பக்கத்து வீடு. டெலிபோன் ஆபீசில் முப்பது வருஷம் ஊரார் பேச்சைக் கேட்டுக் காது புளித்துவிட்டதாம். ஓய்வு பெற்றதும் வாய் பேசாத பொழுதுபோக்கைத் தேடிப் பிடித்தார். காலையில் காபியோடு பேப்பர் குறுக்கெழுத்து, அதுவும் பேனாவில். மத்தியானம் ஜிக்சா, அட்டைத் துண்டுகளைப் பொருத்திப் படமாக்கும் விளையாட்டு.

கடைசியாக மகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பியது இரண்டாயிரம் துண்டு. ஒரு பனிமலை, ஓர் ஏரி, மிச்சமெல்லாம் ஒரே நீலத்தில் வானம். ஆறு மாதம் கூடத்துத் தரை முழுக்க அதுதான். நாங்கள் சுவரை ஒட்டிப் பல்லி மாதிரி போய்வந்தோம். துண்டு நகர்ந்துவிடும் என்று மின்விசிறி இரண்டாம் நம்பரைத் தாண்டாது. அக்கா மகனுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்களுக்கே அடுக்களையில்தான் பாய். அந்தக் கல்யாணம் நடந்தது பிள்ளையின் ஜாதக பலம்.

வானத்தில் முப்பது துண்டு பாக்கி இருந்தபோது, தை மாதத்தில் பருவம் தப்பிய மழை பிடித்துக்கொண்டது. எதிர்வீட்டுச் செல்வராசு மூன்று மா நிலம், ஒரு ஏக்கர், குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்தவர். ரோட்டில் காயப்போட்ட நெல் முழுக்க நனைந்துவிட்டது. அவர் வீடோ ஒழுகும் ஓட்டு வீடு. அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றவர், கூடத்துத் தரையைப் பார்த்ததும் தயங்கினார்.

"நெல்லு முளைச்சிடும் போலருக்குக்கா. பரவால்ல, பள்ளிக்கூடத்துல கேட்டுப் பாக்குறேன்" என்று திரும்பினார்.

"மூட்டைய உள்ள கொண்டா" என்றார் அக்கா.

நான் வாய் பிளந்து நிற்க, அவர் முறத்தை எடுத்துவந்து மலை, ஏரி, வானம் எல்லாவற்றையும் வாரிப் பெட்டியில் கொட்டினார். ஆறு மாத உழைப்பு ஆறு நிமிஷத்தில் போனது. நெல்லைப் பரப்பி, மின்விசிறியை ஐந்தாம் நம்பரில் வைத்து, மூன்று நாள் காலால் துழாவித் துழாவிக் காயவைத்தார். கொள்முதல் நிலையத்தில் ஈரம் பார்த்து, ஒரு மூட்டையைக்கூடத் திருப்பாமல் எடுத்துக்கொண்டார்கள். செல்வராசு அழுதே விட்டார்.

மறுநாளே அக்கா முதல் துண்டிலிருந்து ஆரம்பித்தார். உதவிக்குப் போன தெரு மொத்தத்தையும் விரட்டியடித்தார். இன்னும் ஐந்து மாதம் பல்லி வாழ்க்கை. முடித்துப் பார்த்தால் வானத்தில் ஒரு துண்டைக் காணோம். நெல்லோடு மூட்டையில் போயிருக்க வேண்டும். செல்வராசு கூனிக் குறுகி, அட்டையில் வெட்டி நீலம் பூசித் தருவதாகச் சொன்னார்.

"ஒண்ணும் வேணாம். இருக்கறபடி இருக்கட்டும்" என்று அக்கா அப்படியே சட்டம் போட்டு மாட்டிவிட்டார்.

இப்போது என் வீட்டுக்கு யார் விருந்தாளி வந்தாலும், பெரிய கோயிலுக்குக் கூட்டிப்போகும் முன் அக்கா வீட்டுக்குத்தான் கூட்டிப்போகிறேன். படத்தை எல்லோரும் பார்ப்பார்கள். நான் அக்காவைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.