ஆபீசரின் ஒற்றை ஷூ

இரண்டு நாள் பயிற்சி முடித்துவிட்டு வந்தவர்களிடம் யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாது. அடித்துச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் அப்படித் திரும்பி வந்தவள் நான்தான்.

தில்லி ஜனக்புரியில், அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்கள் பகலில் வந்துபோகும் மையம் ஒன்றில் எனக்கு வேலை. பயிற்சியின் பெயர் 'பாசிட்டிவ் பிஹேவியர் சப்போர்ட்'. திட்டாதே, அடிக்காதே, ஒருவர் ஏன் அப்படி நடந்துகொள்கிறார் என்று முதலில் கண்டுபிடி, பிறகு நல்லதைப் பாராட்டு, மற்றதைக் கண்டுகொள்ளாதே. (கண்டுபிடிக்கும் பாடம் மதியச் சாப்பாட்டுக்குப் பின் நடந்தது. நான் அரைத் தூக்கம். மிச்சம் மட்டும் நன்றாக மண்டையில் ஏறியிருந்தது.)

எங்கள் கல்யாணிக்கு முப்பது வயது, பேச்சு கிடையாது. அந்தக் குளிர்காலத்தில் திடீரென்று அடுத்தவர் செருப்பை உருவி வீச ஆரம்பித்தாள். ஒருநாள் வாசலில் நின்ற டீக்காரர் மேலேயே விழுந்தது. டீ வந்தாலும் வீசினாள், வராவிட்டாலும் வீசினாள். டீ பிடிக்கவில்லையா? நாம் கவனிக்கவில்லை என்ற கோபமா? என்னைத்தான் பிடிக்கவில்லையா? ஒன்றும் பிடிபடவில்லை. இதற்கிடையில் எல்லா மையங்களிலும் இந்த முறையைக் கொண்டுவரலாமா என்று பார்க்க ஒரு ஆபீசர் வருவதாகச் சொன்னார்கள். அவர் முன்னால் வீசினால் கல்யாணி இனி வீட்டோடுதான் என்றும் சொல்லிவிட்டார்கள். வீட்டில் அவளுக்கு நான்கு சுவரைத் தவிர என்ன இருக்கிறது?

எல்லோருக்கும் உத்தரவு போட்டேன்: வீசினால் யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது.

ஆபீசர் வந்து நாற்காலியில் அமர்ந்தார். கல்யாணி நேரே போய் அவர் காலடியில் உட்கார்ந்தாள். வலது ஷூவை உருவி வாசலுக்கு வெளியே எறிந்தாள்.

ஒருவரும் திரும்பவில்லை. சமையல்காரர் சுவரைப் பார்த்தார். மேலாளர் காலண்டரைப் படித்தார்.

"யே க்யா ஹோ ரஹா ஹை?" என்று ஆபீசர் என்னைக் கேட்டார். என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிந்தால்தானே! பதற்றத்தில், கற்ற வித்தையை அவரிடமே காட்டிவிட்டேன்.

"வெரி குட் சார்! எவ்வளவு அமைதியாக உட்கார்ந்திருக்கிறீர்கள்!" என்று ஹிந்தியில் பாராட்டினேன். கையும் தட்டினேன்.

அந்த நேரம் பார்த்து, கல்யாணியை அழைத்துப்போக அவள் அம்மா வந்தார். வாசலில் செருப்பை விட்டுவிட்டு, அங்கே கிடந்த ஒற்றை ஷூவையும் பார்த்தார்.

"மாமி, இவ ஏன் இப்படிப் பண்றா?" என்று கேட்டேன்.

"எங்காத்துல யாரும் செருப்போட உள்ள வரப்படாது. வந்தா தூக்கி வெளியில போட்டுடுவா. இங்க குளிருக்கு எல்லாரும் உள்ளயே போட்டுண்டு அலையறேள். அவ என்ன பண்ணுவா?"

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே!"

"நீ கேக்கவே இல்லையேம்மா."

என் வீட்டிலும் செருப்பு வாசலில்தான் கிடக்கும். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

மாமி சொன்னதை ஆபீசரிடம் ஹிந்தியில் சொன்னேன். சற்று யோசித்தார். பிறகு குனிந்து, இடது ஷூவைத் தானே கழற்றிக் கல்யாணியிடம் நீட்டினார். அவள் எறியவில்லை. வாசலுக்கு எடுத்துப்போய், மற்றதோடு ஜோடி சேர்த்து வைத்துவிட்டு வந்தாள். அவள் இங்கேயே இருக்கட்டும் என்று ஆபீசர் சொன்னதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மேலிடத்தில் போய் அவர் என்ன சொன்னாரோ, அவர்களுக்கு என்ன புரிந்ததோ! அடுத்த மாதமே எல்லா மையங்களிலும் புதிய முறை அமலுக்கு வந்தது: வாசலுக்கு ஒரு செருப்பு ஸ்டாண்ட். கூடவே ஏன், எதற்கு என்று ஒரு வரி விளக்கம் கிடையாது.

நான் என்ன வேலை பார்த்தேன் என்று இன்றும் யாராவது கேட்டால், என் வாயைத் திறக்கவே விடமாட்டார் என் கணவர்.

"செருப்பு ஸ்டாண்ட் டிபார்ட்மென்ட். தில்லி முழுக்க இவதான் ஹெட்."