எஸ்தோனியாவில் நம்ம ஆள் யாருமில்லை

நாகமலை புதுக்கோட்டை,
ஆனி மாதக் கடைசிப் புதன்கிழமை.

டி. கல்லுப்பட்டியில் தண்ணீர் கேன் ஏஜென்சி நடத்திச் சீரோடு விளங்கும், என் வீட்டுக்காரி மீனாவின் உடன்பிறந்த அண்ணனும் எனக்கு மூத்த மச்சானுமாகிய கருத்தக்கண்ணன் அவர்கள் சமூகத்துக்கு, செக்கானூரணி மாட்டுத்தீவனக் கடை தவசி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மீனாவும் மகள் ரோகிணியும் கடையில் இருக்கும் புண்ணாக்கு மூட்டைகளும் நலம். அங்கே தங்கள் நலத்தையும், அக்காவின் முழங்கால் நலத்தையும், தங்கள் மகனும் என் மருமகனுமாகிய அழகுபாண்டியின் நலத்தையும் அறிய ஆவல். அழகுபாண்டியின் நலத்தில் எனக்குத் தனி அக்கறை உண்டு. ஏன் என்று கீழே தெரியும்.

போனில் பேசாமல் இதென்ன கடுதாசி என்று யோசிப்பீர்கள். மச்சான், தப்பாக நினைக்கக் கூடாது, நீங்கள் போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டு, எதிரில் நிற்கிறவருக்கு மைக்கை நீட்டுகிற மாதிரி நீட்டிப் பிடித்துத்தான் பேசுவீர்கள். போன மாதம் எனக்கு மூலம் என்று உங்களிடம் மட்டும் சொன்னேன். அடுத்த வாரம் கல்லுப்பட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கினால், பார்த்துப் பழக்கமில்லாத ஒரு பூக்காரம்மா கூப்பிட்டு, "அண்ணே, துத்தி இலையை வதக்கிச் சாப்பிடுங்க, சரியாப் போயிரும்" என்கிறார். இது அதைவிட ரகசியம். ஆகையால் கவரில் போட்டு ஒட்டி, லோடு கொண்டு வரும் டிரைவர் மருதுவிடம் கொடுத்தனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து, வாய்க்குள்ளேயே படிக்கவும்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மருமகள் ரோகிணி உணவுத் தொழில்நுட்பம் படித்து முடித்தது உங்களுக்குத் தெரியும். மேற்படிப்புக்கு வெளிநாடு போகிறேன் என்கிறாள். எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு டம்ளர் பருத்திப்பால். சிம்மக்கல் பக்கம் கூடப் படித்த பிள்ளைகளோடு நின்று குடித்திருக்கிறாள், அந்தக் கூட்டத்தில் ஒரு பையனும் இருந்திருக்கிறான். அவள் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் எனக்கு வரிசையாகப் போன். முதல் போன் செய்தது பருத்திப்பால் கடைக்காரனே. அவன் என்னிடம்தான் பருத்திக்கொட்டை வாங்குகிறான். "அண்ணே, பாப்பா வந்துச்சு. கூட ஒரு பய. அவன்தான் காசு நீட்டுனான், நான் வாங்கலண்ணே. நம்ம பாப்பாகிட்ட நான் காசு வாங்குவனா?" என்றான். நானும் விசுவாசமான ஆள் என்று அவனை மெச்சினேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள், "ஏன்ப்பா, நான் ஒரு டம்ளர் பருத்திப்பால் குடிக்கிறதுக்கு இம்புட்டுச் சாட்சியா? படிப்பு மட்டும்னா கோயம்புத்தூர்லயே இருக்கு. எனக்குப் படிப்பும் வேணும், நான் யாரு மகள்னு யாருக்கும் தெரியாத ஒரு தெருவும் வேணும்" என்றாள். நான் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன். அங்கேதான் சறுக்கினேன்.

சரி, படிக்கட்டும், எந்த நாடு என்று நாமே பார்த்துக் கொடுப்போம் என்று இறங்கினேன். உங்களுக்குத்தான் தெரியுமே, சாக்கில் குத்தூசியை விட்டு ஒரு கைப்பிடி எடுத்து மோந்து பார்க்காமல் நான் எந்த லோடும் இறக்கியதில்லை. நாட்டையும் அப்படித்தான் பார்க்க வேண்டும், ஒவ்வொரு நாட்டிலும் நம்ம ஆள் ஒருத்தனைப் பிடித்து விசாரித்துவிட்டால் போதும் என்று கணக்குப் போட்டேன். முதலில் சிங்கப்பூர். நம்ம பேயாண்டி மகன் அங்கே கிரேன் ஓட்டுகிறான். "அனுப்பிவிடுங்க மாமா, ஞாயித்துக்கெழமையானா நம்ம சுத்துப்பட்டு ஆளுக பூராவும் ஒரே எடத்துலதான் கூடுவோம், பாப்பாவக் கண்ணுல வச்சுப் பாத்துக்கிருவோம்" என்றான். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ரோகிணியிடம் சொன்னேன். "அப்ப சிங்கப்பூர் வேணாம்ப்பா" என்றாள். லண்டனைப் பிடித்தேன். எனக்குத் தவிடு அனுப்பும் மில்காரரின் சம்பந்தி அங்கே வீடு வாங்கியிருக்கிறார், மாடியில் ஓர் அறை சும்மா கிடக்கிறதாம், காலையில் இட்லி உண்டாம். "அப்ப லண்டனும் வேணாம்." கனடாவில் கொட்டாம்பட்டிப் பக்கத்து ஆட்கள் சங்கமே வைத்திருக்கிறார்கள் மச்சான்! காதுகுத்து, வளைகாப்பு, கடாவெட்டு எல்லாம் நடக்கிறதாம், கடா மட்டும் ஏற்கனவே வெட்டி ஃப்ரீசரில் வருகிறதாம். இதைவிட ஒரு தகப்பனுக்கு என்ன வேண்டும்? "வேணாம்ப்பா." ஆஸ்திரேலியாவுக்கும் போன் போட்டேன்; அது என் தப்பு, அங்கே இருப்பவன் மாட்டுப்பண்ணையில் வேலை பார்க்கிறான், பேச்சு பருத்திக்கொட்டைக்குப் போய், அங்கே என்ன தரம், ஈரம் எம்புட்டு, கப்பலில் எப்படி வரும் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். மகள் படிப்பைக் கேட்க மறந்துபோனது அடுத்த நாள்தான் ஞாபகம் வந்தது. கேட்டிருந்தாலும் ஒன்றுதான். அங்கேயும் ஒருத்தன் இருக்கிறான் என்றதுமே அவள் அதையும் கழித்துவிட்டாள்.

மச்சான், அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் நம்ம ஆள் இருக்கிற நாட்டைத் தேடிக் கொடுக்கிறேன், அவள் என் விசாரணையை வைத்தே நம்ம ஆள் இல்லாத நாட்டைப் பொறுக்குகிறாள்! இத்தனை வருஷ வியாபாரத்தில் என் குத்தூசியை வாங்கி என் மூட்டையிலேயே குத்தியவர் ஒருவரும் இல்லை. என் மகள் குத்திவிட்டாள். கடைசியில் வந்து நின்றது எஸ்தோனியா. பெயரைக் கேட்டதும் ஏதோ தைலம் என்று நினைத்தேன். உலகப் படத்தில் காட்டினாள், கட்டைவிரலை வைத்தால் நாடு மறைந்துவிடுகிறது. நம் மதுரை மாவட்டத்து ஜனத்தில் பாதி ஜனம் கூட மொத்த நாட்டுக்கும் கிடையாது. குளிர்காலத்தில் சூரியன் மத்தியானம் தலையைக் காட்டிவிட்டுப் போய்விடுமாம். அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் பால் பொருள் பற்றிய படிப்பு, இடமும் கிடைத்துவிட்டது, ஆவணியில் வரச் சொல்கிறார்கள். நானும் விடாமல், திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர் என்று தெரிந்தவர்கள் அத்தனை பேரிடமும் "எஸ்தோனியாவுல நம்ம ஆளு யாரும் உண்டா?" என்று சொல்லி வைத்தேன். "அது திண்டுக்கல்லுக்கு அங்கிட்டாண்ணே?" என்று ஒருத்தன் கேட்டான். ஓர் ஆள் இல்லை மச்சான். உலகத்தில் நம்ம ஆள் ஒருத்தன் கூட இல்லாத நாடு என்றால், அங்கே ஏதோ கோளாறு இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

ஒரு நாள் கடைக்கே வந்துவிட்டாள். "யாருமே இல்லாத ஊர்ல பொம்பளைப் பிள்ளை என்னத்தா பண்ணுவ?" என்று கேட்டேன். கொஞ்சமும் கோபப்படாமல், "நீங்க உங்க ஊர்ல ஏன்ப்பா கடை போடல?" என்று திருப்பிக் கேட்டாள். ஏன் போடவில்லை என்று நானே நூறு தடவை அவளுக்குக் கதை சொல்லியிருக்கிறேனே. ஊரில் கடை போட்டிருந்தால் "அட, நம்ம ஒச்சாயி மகன்தானே, இவனுக்கென்ன தெரியும்" என்று ஒருத்தனும் என்னிடம் விலை கூடக் கேட்டிருக்க மாட்டான்; யாருக்கும் என்னைத் தெரியாத செக்கானூரணியில் வந்து நின்றதால்தான் முதலாளி என்றார்கள். "நீங்க பஸ்ஸுல போற தூரத்துல அப்படி ஒரு ஊரு கெடச்சுச்சு. உங்களால எனக்கு இந்தப் பக்கம் ஒரு ஊரும் மிச்சமில்ல. அதான் பிளேன்ல போறேன்" என்றாள். நான் தவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். எடைபோட வந்தவன் என்னையும் சேர்த்து நிறுத்துவிட்டான்.

இனி நம்மால் ஆகாது, குலசாமியே முடிவு சொல்லட்டும் என்று பூப்போட்டுப் பார்க்க ஏற்பாடு செய்தேன். "சரிப்பா" என்று ரோகிணி உடனே சம்மதித்தாள், அப்போதாவது நான் சுதாரித்திருக்க வேண்டும். வெள்ளைப் பூ வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் இருக்க வேண்டும் என்று பேச்சு. பூவை இலையில் மடித்துக் கட்டுகிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். மச்சான், உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, இரண்டு பொட்டலத்திலும் சிவப்பையே வைத்துக் கட்டினேன். சாமியைச் சிரமப்படுத்த வேண்டாமே என்றுதான். மீனா தட்டை வாங்கிக்கொண்டு முன்னால் போனாள். பூசாரி சிவனாண்டி கண்ணை மூடி, சூடத்தைக் காட்டி, ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். வெள்ளை! கோயிலே குலவை போட்டது. இல்லாத பூ எப்படி வரும் என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. கேட்டால் என் வண்டவாளம் அல்லவா வெளியே வரும்? எல்லோரும் பொங்கல் வாங்கப் போனதும் அடுத்த பொட்டலத்தை மெல்லப் பிரித்துப் பார்த்தேன். அதுவும் வெள்ளை. உங்கள் தங்கச்சி அந்தப் பக்கம் நின்று கண்ணை மூடித் திருநீறு பூசிக்கொண்டிருந்தாள், அப்படி ஒரு பக்தி.

திரும்பி வரும்போது காரில், "என்னங்க, சாமி உத்தரவு குடுத்துருச்சு" என்றாள்.

"ஆமா, ரெண்டு பொட்டலத்துலயும் குடுத்துருச்சு" என்றேன்.

"நீங்க ரெண்டுலயும் செவப்பு வச்சப்ப சாமி பாத்துக்கிட்டுத்தானே இருந்துச்சு" என்றாள். அண்ணன் தங்கச்சி இருவரையும் சேர்த்தே எனக்குக் கட்டிவைத்துவிட்டார்களோ என்று நினைத்துக்கொண்டேன். அச்சு அசல் உங்கள் பார்வை பார்த்தாள்.

ஆக, எனக்கு மிச்சம் இருப்பது நீங்கள் ஒருவர்தான். இந்த ஞாயிற்றுக்கிழமையே அக்காவோடும் அழகுபாண்டியோடும் தட்டு, தேங்காய், பழம் சகிதம் வந்து, "என் தங்கச்சி மகளை என் மகனுக்குக் கேட்டு வந்திருக்கேன், மாமன்காரன் உரிமை எனக்குண்டு" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்ல வேண்டும். அடுத்த வாரம் ஆடி பிறந்துவிட்டால் நல்ல காரியம் பேச முடியாது, ஆவணியில் அவள் பறந்துவிடுவாள், அதனால்தான் இந்த அவசரம். தாய்மாமன் சொல்லுக்கு அவள் கட்டுப்படுவாள் என்று ஒரு நம்பிக்கை. நான் வரச் சொன்னதாக மூச்சு விடக் கூடாது. நீங்கள் கேட்டதும் நான் திடுக்கிட்டு, "என்ன மச்சான் திடுதிப்புனு" என்று மறுப்பேன். மெய்யென்று நம்பி எழுந்து போய்விடாதீர்கள், உட்கார்ந்து காப்பியைக் குடித்துவிட்டு மறுபடி கேளுங்கள். அழகுபாண்டியை அன்றைக்கு மட்டும் பைக்கில் சைலன்சரைக் கழற்றாமல் வரச் சொல்லவும்.

அக்காவுக்கு என் வணக்கம். மருமகன் அழகுபாண்டி நோய்நொடி இல்லாமல், தண்ணீர் கேன் போல எப்போதும் நிறைந்து இருக்க என் ஆசி. எங்கும் மழை பெய்து, மாடுகள் நன்றாகத் தின்று, எல்லோர் தொழிலும் விளங்க அந்தக் குலசாமியே துணை. என்மேல் அதற்குக் கோபம் இருந்தாலும் இருக்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை
மு. தவசி

பி.கு.: மேலே உள்ளதைக் கவரில் போட்டுவிட்டேன், ஒட்டவில்லை. மருது வெளியே லாரியில் ஹாரன் அடிக்கிறான். அதற்குள் எஸ்தோனியாவிலிருந்து ஒரு போன். மச்சான், நம்ம ஆள்! கொட்டாம்பட்டிக்காரர், பெயர் இம்மானுவேல், ரோகிணி படிக்கப்போகும் ஊரிலேயே ஒரு ஓட்டலில் சமையல். நான் சொல்லி வைத்தது எங்கெங்கோ சுற்றி அவர் காதுக்குப் போயிருக்கிறது. "அண்ணே, கவலையே படாதீங்க. பாப்பா தங்கப்போற ஹாஸ்டல் என் ஓட்டலுக்கு எதுத்தாப்புலதான். எப்ப வருது, எப்ப போகுது, யாரோட வருதுன்னு அன்னன்னைக்குப் போட்டோ புடிச்சே அனுப்பிடுறேன்" என்றார். நல்ல மனுஷன். இதைக் கேட்கத்தானே நான் ஊர் ஊராகச் சொல்லி வைத்தேன்?

போனைக் காதில் வைத்தபடி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆன்லைனில் வாங்கிய பெரிய குளிர்க்கோட்டு இன்றைக்குத்தான் வந்தது. ரோகிணி அதைப் போட்டுக்கொண்டு இந்த ஆனி வெயிலில் தெருவில் நடந்து பழகுகிறாள். முக்கில் இருக்கும் மாவுமில் வரைக்கும்தான். வாசலுக்கு வாசல் நிறுத்துகிறார்கள். "யாரு, தவசி அண்ணே மகளா? எதுக்குத்தா வெயில்ல கம்பளியப் போத்திட்டுப் போற? காச்சலா? அப்பாவுக்குத் தெரியுமா? யாரப் பாக்கப் போற?" அவளும் நின்று நின்று பதில் சொல்லிப் போகிறாள். மாவுமில்லுக்குப் போய்ச் சேரவே இல்லை. அந்த நேரம் பார்த்து என் போனில் டிங்கென்று சத்தம். எதிர்வீட்டுக்காரர் அவளைப் போட்டோ எடுத்து எனக்கே அனுப்பியிருக்கிறார். "அண்ணே, பாப்பா தெருவுல நிக்குது."

நான் இம்மானுவேலிடம், "தம்பி, தகவல் மாறிப்போச்சு. எம்மக வர்றது உங்க நாட்டுக்கு இல்ல" என்றேன்.

"பெறகு எங்கண்ணே போகுது?"

"கனடா."

"அங்கயும் நம்ம ஆளுக இருக்காங்கண்ணே, நம்பர் தரவா?"

"தெரியும் தம்பி, அவுக பாத்துக்கிருவாக" என்று வைத்துவிட்டேன்.

ஆகவே மச்சான், ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். மேலே எழுதியது எதையும் மனதில் வைக்காமல் கிழித்துவிடவும். மறுபடி எழுத எனக்குப் பொறுமை இல்லை, மருது ஹாரனிலிருந்து கையை எடுக்கவே மாட்டேன் என்கிறான். தேங்காய் பழம் வாங்கிவிட்டீர்கள் என்றால் சும்மா கொண்டு வாருங்கள், சாப்பிட்டுவிட்டுப் போகலாம். மீனாவுக்கும் ரோகிணிக்கும் இந்தக் கொட்டாம்பட்டிக்காரர் விஷயம் தெரிய வேண்டாம், நீங்களும் மறந்துவிடுங்கள். கல்லுப்பட்டியில் யார் கேட்டாலும் பிள்ளை கனடாவுக்குப் போகிறது என்றே சொல்லுங்கள். இதை மட்டும் ஸ்பீக்கரில் போட்டே சொல்லலாம்.