பிரேக் பிடிக்காத நாய்

ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த நாயை மனிதனாக்கிக் காட்டுவதாக டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் சபதம் செய்தார். சபதம் செய்த இடம், வீட்டுக் கூடம். சாட்சிகள் இரண்டு பேர். ஒன்று, அவருடைய வீட்டம்மா, துணி மடித்துக்கொண்டிருந்தாள். இன்னொன்று அந்த நாயேதான். மடித்த துணியின் மேல் படுத்திருந்தது.

"மனுஷனெல்லாம் ஆக்க வேண்டாம். நாயாவே இருக்கட்டும். வீட்ல ஒரு மனுஷன வெச்சுக்கிட்டு நான் படுற பாடு போதும்" என்றாள் வீட்டம்மா.

"விளையாடாத. செயலாளர் கண்டிஷனா சொல்லிட்டாரு. ஞாயித்துக்கிழமை எல்லா நாய்க்கும் பூங்காவுல பரீட்சையாம். மத்த நாய்ங்க நடுவுல விட்டுட்டுக் கூப்பிடணும். கூப்பிட்டா வரணும், வந்தா உக்காரணும். இல்லேன்னா பூங்கா பக்கமே தலைகாட்டக் கூடாதாம்."

"அடப்பாவமே. வேற என்ன சொன்னாரு?"

"எந்த நாய் யாரு சொன்னா கேக்குதோ, அவங்ககூட வந்தாத்தான் உள்ள விடுவாங்களாம்."

"ஓஹோ" என்று சொல்லிவிட்டு வீட்டம்மா ஒரு தலையணை உறையை உதறினாள். ரொம்ப நேரம் உதறினாள்.

பூங்காச் சங்கத்தின் செயலாளரையும் குறை சொல்ல முடியாது. போன வாரம்தான் மாஸ்டரின் நாய் சங்கிலியோடு அவரை மூன்று சுற்றுச் சுற்றி வந்து, மனிதரைக் கொடிக்கம்பம் மாதிரி கட்டிப்போட்டது. அதற்கு முன் தையல்காரரின் குள்ளமான கட்டைக்கால் நாயோடு சண்டை. அதற்கும் முன் மருந்துக்கடைக்காரரின் பொமரேனியனோடு காதல். சண்டையைக்கூட மன்னித்தார்கள்.

பூங்கா கைவிட்டுப் போனால் நாய்க்கு நஷ்டமில்லை. மொட்டை மாடியில் ஓடிக்கொள்ளும். நஷ்டமெல்லாம் மாஸ்டருக்குத்தான். காலையில் அந்த வீடு ஒரு போர்க்களம். காய் நறுக்க வேண்டும், துணி உலர்த்த வேண்டும், தண்ணீர் பிடித்து வைக்க வேண்டும், அடுப்பில் கொதிப்பதைக் கவனிக்க வேண்டும். அத்தனையும் முடித்துவிட்டு வீட்டம்மா பல் மருத்துவமனைக்கு வேலைக்கு ஓட வேண்டும். போர் உச்சத்தில் இருக்கும் அந்த ஒரு மணி நேரமும் மாஸ்டர் நாயைப் பிடித்துக்கொண்டு பூங்காவில் இருப்பார். மரத்தடி பெஞ்சு. மருந்துக்கடைக்காரர் பிளாஸ்கில் கொண்டுவரும் காபி. யாருக்கும் பிரயோஜனமில்லாத பேச்சு. வீடு திரும்பும்போது மட்டும் வாசலிலேயே நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "அப்பப்பா, இந்த நாயோட மல்லுக்கட்டி உயிரே போகுது" என்பார். உலகத்திலேயே சொகுசான தியாகம் அது. அதற்குத்தான் இப்போது ஆபத்து.

நாய்க்குப் பெயர் கிடையாது. வந்த புதிதில் 'டைகர்' என்று வைக்க மாஸ்டர் ஆசைப்பட்டார்.

"மிக்ஸி போட்டா கட்டிலுக்கடியில ஓடுது. இது டைகரா?" என்றாள் வீட்டம்மா.

"சரி, நீ ஒண்ணு சொல்லு."

"உங்க அண்ணன் பேர வைக்கலாம். மூஞ்சி அப்படியே இருக்கு."

பேச்சுவார்த்தை அத்துடன் முறிந்தது. அதன்பிறகு நாய் 'டேய்', 'ஏய்', 'இந்தா' என்று கிடைத்ததை வைத்துக் காலம் தள்ளியது. ஆனாலும் அதற்குத் தன்மேல் அபார விசுவாசம் என்பது மாஸ்டரின் நம்பிக்கை. அடுக்களையிலிருந்து வீட்டம்மா, "என்னங்க, இங்க வாங்க" என்று கூப்பிட்டால் மாஸ்டர் எழுந்து போவார். அவருக்கு முன்னால் நாய் ஓடும். "பாத்தியா, நான் போற எடமெல்லாம் வருது" என்று பூரிப்பார். முன்னால் ஓடுவது எப்படிப் பின்தொடர்வதாகும் என்று அவர் யோசிக்கவில்லை.

மறுநாளே பயிற்சி தொடங்கியது. மாஸ்டருக்கு ஒரே ஒரு பயிற்சிமுறைதான் தெரியும். அவரிடம் படித்தவர்கள் எல்லாருமே லைசென்ஸ் வாங்கியிருக்கிறார்கள். சில பேர் வேறு இடத்தில் இன்னொரு முறை படித்து வாங்கியிருக்கிறார்கள். அதே முறையை நாய்மேலும் பிரயோகித்தார்.

"கிளட்ச்ச மெதுவா விடு... மெதுவா... ஆங், நேரா பாரு. பக்கத்துல பொமரேனியன் போகுதுன்னா நமக்கென்ன? ரோட்டப் பாரு! பிரேக்! பிரேக்! பிரேக்குடா!"

பிரேக் என்று கத்தும்போதெல்லாம் அவருடைய வலது கால் புல்தரையில் ஓங்கி அழுந்தியது. நாய் நிற்கவில்லை. அது இழுத்த இழுப்பில் மாஸ்டர்தான் கொஞ்ச தூரம் சறுக்கிக்கொண்டு போனார்.

"என்ன மாஸ்டர், வண்டி ஓடுது, பிரேக் பிடிக்கலியா?" என்றார் தையல்காரர். அவருடைய கட்டைக்கால் நாய் தைத்து வைத்த பொம்மை மாதிரி அவர் காலடியில் உட்கார்ந்திருந்தது.

மூன்றாம் நாள் ஓர் அதிசயம் நடந்தது. மாஸ்டர், "உக்காரு" என்றார். நாய் உட்கார்ந்தது. களைத்துப்போய் உட்கார்ந்ததா, கட்டளைக்கு உட்கார்ந்ததா என்பது அதற்கே வெளிச்சம். மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்தித் தையல்காரரைத் தேடினார். அந்த நேரம் பார்த்து, மருந்துக்கடைக்காரரின் மனைவி தூரத்திலிருந்து குரல் கொடுத்தாள்.

"என்னங்க! பிளாஸ்க்க எங்க வெச்சீங்க?"

நாய் துள்ளி எழுந்தது. சங்கிலியைப் பிடுங்கிக்கொண்டு பறந்தது. நேரே அந்த அம்மாள் முன்னால் போய் உட்கார்ந்து, காதைத் தூக்கிக்கொண்டு, இதோ வந்துவிட்டேன் என்று பார்த்தது. மாஸ்டரின் காலும் இரண்டடி எடுத்து வைத்துவிட்டது. பழக்கதோஷம்.

கொஞ்ச நேரத்தில் தையல்காரரின் மனைவி, "என்னங்க, போலாமா?" என்றாள். நாய் அங்கே போய் உட்கார்ந்தது.

மாஸ்டரின் தலைக்குள் மெதுவாக விளக்கு எரிந்தது. பெயரில்லாத நாய் என்ன செய்யும்? வீட்டில் அதிகம் ஏலம் விடப்படும் வார்த்தை எதுவோ, அதையே தன் பெயர் என்று எடுத்துக்கொண்டது. காலையிலிருந்து ராத்திரி வரை அந்த வீட்டில் வேறென்ன சத்தம் கேட்டது? என்னங்க, என்னங்க, என்னங்க. இத்தனை நாளும் இரண்டு பேர் ஒரே பெயரில் குடும்பம் நடத்தியிருக்கிறார்கள்!

முதலில் அவமானமாக இருந்தது. வீடு போய்ச் சேர்வதற்குள் அதுவே பிரம்மாஸ்திரமாகத் தெரிந்தது. ரகசியம் கைக்கு வந்துவிட்டது. வீட்டம்மாவிடம் மூச்சுவிடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை பூங்கா நடுவில் நின்று அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டியது, நாய் வந்து உட்கார வேண்டியது, அவ்வளவுதான்.

ஒரே ஒரு சிக்கல். பிறந்ததிலிருந்து மாஸ்டர் யாரையும் 'என்னங்க' என்று குழைந்து கூப்பிட்டதில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, குரலை ஒல்லியாக்கிப் பழகினார்.

"என்னங்க... என்னங்கோ... என்னாங்க..."

கதவு தட்டப்பட்டது.

"உள்ள யாரு?"

"நான்தான்."

"யாரக் கூப்புடுறீங்க?"

"யாரையும் இல்ல. தொண்டை கட்டியிருக்கு."

"கட்டின தொண்டைக்குக் குழைவு வேறயா?" என்றபடி வீட்டம்மா போய்விட்டாள். போகும்போது சிரித்த மாதிரி இருந்தது. குழாய்ச் சத்தத்தில் மாஸ்டருக்குச் சரியாகக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூங்கா நிரம்பி வழிந்தது. வீட்டம்மாவும் கைப்பையை மாட்டிக்கொண்டு வந்தாள். "சும்மா வேடிக்கை பாக்கத்தான்" என்று ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். கட்டைக்கால் நாய் பாஸ். பொமரேனியன் கொஞ்சம் பிகு பண்ணிவிட்டு பாஸ். செயலாளரின் லாப்ரடாரை யாரும் பரீட்சை செய்யவில்லை.

அடுத்து மாஸ்டர். நாயைப் புல்தரையின் ஒரு கோடியில் விட்டார்கள். நடுவில் மற்ற நாய்கள். மறு கோடியில் மாஸ்டர்.

"டேய், வாடா!"

நாய் பொமரேனியனை மோந்து பார்க்கப் போனது.

"ஏய்! இந்தா! பிரேக்!"

நாய் கட்டைக்கால் நாயை வம்புக்கிழுத்தது. செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். மரத்தடி பெஞ்சும் பிளாஸ்க் காபியும் மாஸ்டரின் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தன. இனி மானத்தைப் பார்த்தால் ஆகாது. கண்ணை மூடினார். மூச்சை இழுத்தார். குரலை ஒல்லியாக்கினார்.

"என்னங்க! கொஞ்சம் இங்க வாங்களேன்!"



மருந்துக்கடைக்காரர் காபியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். தையல்காரர் பேப்பரை மடித்தார். வேலியோரம் ஓடிக்கொண்டிருந்த முகம் தெரியாத ஆசாமி ஒருவர் அப்படியே திரும்பி மாஸ்டரை நோக்கி ஓடி வந்தார். செயலாளர், "இதோ வந்துட்டேம்மா" என்று சொல்லியே விட்டார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். பூங்காவிலிருந்த புருஷன்மார் எல்லாரும் வந்து சேர்ந்துவிட்டார்கள். வராதது நாய் ஒன்றுதான். அது தூரத்தில் நின்று, யாரிந்தப் புதுப் பொம்பளை என்பதுபோல் மாஸ்டரைப் பார்த்தது.

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமானது. அடங்கியதும் பெஞ்சிலிருந்து, குரலை உயர்த்தாமல், பக்கத்து ஆளிடம் பேசுவதுபோல ஒரு வார்த்தை வந்தது.

"என்னங்க."

நாய் நிமிர்ந்தது. பொமரேனியனைத் தாண்டியது. கட்டைக்கால் நாயைச் சுற்றிக்கொண்டு, லாப்ரடாரை ஏறெடுத்தும் பாராமல், நேர்கோட்டில் வந்து வீட்டம்மாவின் காலடியில் உட்கார்ந்தது. அவள் கைப்பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்தாள். பெஞ்சின் மறுபக்கம் யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கவே திரும்பினாள். மாஸ்டர்.

நாய் வாலை ஆட்டியது. மாஸ்டர் தலையை ஆட்டினார்.

"நாய் பாஸ்!" என்று செயலாளர் அறிவித்தார். "ஆனா விதி விதிதான். அம்மா சொன்னாத்தான் கேக்குது. அதனால இனிமே அம்மாதான் கூட்டிக்கிட்டு வரணும். மாஸ்டர் கூட்டிட்டு வந்தா கேட்டுக்கு வெளியதான்."

 வீட்டுக் கூடத்துக்கு வந்ததும் மாஸ்டரால் அடக்க முடியவில்லை.

"அது அந்தப் பேருக்கு வருதுன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியுமாவா? பிஸ்கட் குடுத்துப் பழக்கினதே நான்தானே. இத்தன நாளா 'என்னங்க'ன்னு கூப்பிட்டதெல்லாம் உங்களத்தான்னு நெனச்சீங்களா?"

"அப்ப எனக்கு ஏன் ஒரு நாளும் பிஸ்கட் குடுக்கல?"

"நீங்க பிஸ்கட் இல்லாமலே வந்தீங்களே!"

மாஸ்டருக்கு அசடு வழிந்தது. அதையும் துடைத்துக்கொண்டு கடைசியாக ஒன்று சொன்னார்.

"நல்லவேளை, அந்தச் செயலாளர் பாவி இப்படி ஒரு விதி போட்டான். உனக்கு அதிர்ஷ்டம்."

"அதிர்ஷ்டமா? போன வாரம் அவருக்கு எங்க ஆஸ்பத்திரியில பல் பிடுங்கினாங்க. டாக்டர் பக்கத்துல நான்தான் நின்னேன். அப்ப ரெண்டு யோசனை சொன்னேன். பரீட்சை ஒண்ணு, விதி ஒண்ணு. வாயத் தொறந்து வெச்சிருந்தாரு, பாவம். மறுத்துப் பேச முடியல."

மாஸ்டர் நாற்காலியில் சரிந்தார். அவள் பக்கத்தில் வந்து நின்றாள். குரல் கொஞ்சம் மாறியிருந்தது.

"கல்யாணமாகி வந்ததுலேர்ந்து காலை வெயில நான் ஜன்னல் வழியாத்தான் பாத்திருக்கேன். அந்த மரத்தடி பெஞ்சுல நானும் ஒரு மணி நேரம் சும்மா உக்காரணும். நீங்க அங்க மல்லுக்கட்டுற லட்சணத்த மருந்துக்கடைக்காரர் சம்சாரம் எல்லாம் சொல்லிட்டாங்க."

  மாஸ்டருக்கு உள்ளுக்குள் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. அதை அவர் காட்டிக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை காலை. வீட்டம்மா செருப்பை மாட்டினாள்.

"என்னங்க, கிளம்பலாமா?"

மாஸ்டர் ஆசையோடு எழுந்தார்.

"உங்கள இல்லீங்க" என்றாள். நாய் அவரைத் தாண்டிக்கொண்டு வாசலுக்கு ஓடியது. "ஒரே பேர்ல ரெண்டு பேர் இருந்தா குழப்பம்தான். அது அந்தப் பேருக்கு நல்லாப் பழகிடுச்சு, மாத்துனா பாவம். உங்களுக்கு வேற ஏற்பாடு பண்ணியிருக்கேன். இனிமே விசில் சத்தம் கேட்டா எழுந்து போங்க, போதும்."

"விசிலா? என்ன நெனச்சுக்கிட்டிருக்க? விசிலடிச்சா ஓடி வர நான் என்ன நாயா?"

 கதவு சாத்தப்பட்டது. படியிறங்கும் சத்தமும் சங்கிலிச் சத்தமும் தெருவில் தேய்ந்து மறைந்தன. மாஸ்டர் மீசையை முறுக்கிக்கொண்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். எவள் விசிலடித்தாலும் இந்த இடத்தைவிட்டு எழுந்திருப்பதில்லை என்று உரக்கவே சபதம் செய்தார்.

அடுக்களையில் குக்கர் விசிலடித்தது.

எழுந்து போனார்.