பெண் பார்க்கப் போன இடத்தில் நிழல் வேட்டை

எதையும் நம்பாதவன் பயந்தால் சத்தம் கொஞ்சம் கூடுதலாகவே வரும். என் சத்தம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தெரு முழுக்கக் கேட்டது.

அப்போது நண்பனின் யூடியூப் சேனலில் கேம்களை விமர்சித்துக்கொண்டிருந்தேன். (பார்வையாளர்கள்: நண்பனும் அவன் தங்கையும்.) கையில் வைத்து ஆடும் மெஷினுக்கு ‘நிழல் வேட்டை’ என்றொரு கேம் வந்திருந்தது. வாளோடு ஒரு வீரன், இருண்ட காடு, வெட்ட வெட்ட எழும் எலும்புக்கூடுகள். ‘ஒரே பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தால் போதும். இதற்குப் பயப்படுகிறவன் டார்ச் லைட்டுக்கும் பயப்படுவான்’ என்று ஆடி முடிக்கும் முன்பே தீர்ப்பு எழுதிவிட்டேன். விளக்கப் பக்கங்களைப் படிக்கவில்லை. (அதெல்லாம் சாதாரண மனிதர்களுக்கு.)

மீதியை ஆடுவதற்குள் வீட்டில் பெண் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். மெஷினும் என்னோடு காரில் ஏறியது; வழியெல்லாம் ஆடினேன்.

ராஜபாளையம் தாண்டியதுமே கவனித்தேன். என் வீரனுக்குப் பின்னால் முக்காடிட்ட நிழல் ஒன்று. வெட்டினால் வாள் அதன் உடம்புக்குள் புகுந்து சும்மா வெளியே வந்தது. நான் நடந்தால் நடந்தது, நின்றால் நின்றது. ‘கேமில் கோளாறு’ என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

எங்கள் வழக்கப்படி பெண்ணைப் பார்க்க அம்மாவும் அக்காவும் மட்டும் உள்ளே போனார்கள். மாப்பிள்ளைக்கு முன் ஹாலில் ஆண்களோடுதான் இடம். நடுவே கனத்த திரைச்சீலை. மலைப்பக்கம் மழை கட்டி நிற்க, கரண்ட் போய், பட்டப்பகலிலேயே ஹால் இருண்டது. என் அத்தாவும் (அப்பாதான்) பெண்ணின் அத்தாவும் நூல் மில் தொழிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மெஷினை மடியில் வைத்து, சத்தத்தை அணைத்துவிட்டுத் திறந்தேன்.

நிழல் இருந்தது. இப்போது பின்னால் அல்ல, எதிரே. மெதுவாக என் பக்கம் திரும்பியது. கீழே ஒவ்வொரு எழுத்தாக வந்தது:

“எங்க வீட்ல உனக்கு என்ன வேலை?”

“யா அல்லா!”

மெஷின் பறந்து பால்கோவாத் தட்டில் இறங்கியது. நான் நாற்காலியோடு மல்லாந்தேன். கைகால் என் பேச்சைக் கேட்காமல் உதறின.

“ஏலே, என்னலே?” என்றார் அத்தா.

“வலிப்பு!” என்று கத்திய பெண்ணின் அத்தா, இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை உருவி என் கையில் திணித்தார். “இரும்பு தம்பி, விட்றாதீக. செத்த நேரத்துல சரியாயிரும்.”

“மாமா... எனக்கு ஒண்ணும்...” நாக்கு குழறியது. அதுவும் வலிப்பின் கணக்கில் சேர்ந்தது.

அவர் அத்தாவிடம் திரும்பினார். “இத மறைச்சுட்டு வந்துட்டீகளே அண்ணே.”

அத்தாவின் முகத்தில் ரத்தமே இல்லை. சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்தேன்.

திரைச்சீலை விலகியது. வழக்கத்தையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டுப் பெண்ணே வந்து நின்றாள். கையில் அதே மாதிரி மெஷின்.

“வலிப்பு இல்லத்தா, பயம். பக்கத்துல யாராவது இந்த கேமை ஆடுனா நம்ம கேம்ல நிழலாத் தெரியும். எழுத்துல பேசவும் செய்யலாம். இன்னும் என்னைக் கூப்பிடலயேன்னு ரூம்ல ஆடிக்கிட்டிருந்தேன். வீட்டுக்குள்ள யாரோ ஆடுதாகளேன்னு கேட்டேன். அம்புட்டுதான்.”

பிறகு என்னைப் பார்த்தாள். “விளக்கத்துலயே போட்டிருக்கே. படிக்கலையா?”

திரைக்குப் பின்னால் அக்கா சிரித்த சிரிப்பில்தான் எங்கள் நிக்காஹ் முடிவானது. விமர்சனம் மட்டும் இன்றுவரை வெளிவரவில்லை.

கல்யாணமான புதிதில் அவளிடம் கேட்டேன். “கார்ல வரும்போதே எப்படிப் பின்னாலயே நடந்த?”

“கார்லயா? நான் அப்ப மெஷினையே திறக்கலயே. ரோட்டுல வேற யாராவது ஆடிருப்பாக.”

“கார் ஓடிக்கிட்டேல்ல இருந்துச்சு?”

அவள் எழுந்துபோய் என் மெஷினை அணைத்து வைத்தாள்.

இப்போதும் நான் மெஷினை எடுத்தால் மாமா சாவிக்கொத்தை நீட்டுவார். “பிடிங்க மாப்ள, எதுக்கும் இருக்கட்டும்.” வீடே சிரிக்கும். நானும் சிரித்தபடி வாங்கிக்கொள்வேன். அவள் மட்டும், நான் அதை இறுக்கிப் பிடித்திருக்கிறேனா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வாள்.