மான் தின்ற பூ

இந்த வருஷம் மான்களிடம் தோற்பதில்லை என்று ஜனவரி முதல் தேதி காலையில் முடிவெடுத்தேன். சாட்சிக்கு என் மனைவி ஒரேலியா இருந்தாள். நான் எடுக்கும் எல்லா முடிவுகளுக்கும் அவள்தான் சாட்சி. பிறகு நீதிபதியும் அவளேதான்.

எங்கள் தோட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, ஏனென்றால் தோட்டத்தில் அதிகம் இல்லை. ஹோண்டோ ஊருக்கு வடக்கே, சுண்ணாம்புப் பாறை மேல் நாலு விரல் மண். மழை எப்போதாவது எட்டிப் பார்த்துவிட்டு, விலாசம் தப்பு என்று போய்விடும். செடிக்குத் தண்ணீர் விட வாரத்தில் ஒரு நாள்தான் அனுமதி. மான்களுக்கு எல்லா நாளும் அனுமதி. ரோஜா வைத்தேன், தின்றன. தக்காளி வைத்தேன், தின்றன. மான் தொடவே தொடாது என்று நர்சரிக்காரர் சத்தியம் செய்து கொடுத்த ஒரு செடியை வைத்தேன். அதைத் தின்றுவிட்டு, சத்தியம் எழுதியிருந்த அட்டையையும் தின்றன.

ஆகவே யூக்கா. இந்த மண்ணிலேயே பிறந்த செடி. தண்ணீர் கேட்காது, உரம் கேட்காது, எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்காது. இலை ஒவ்வொன்றும் கசாப்புக்கடைக் கத்தி. பெரியப்பா மகனின் பண்ணையிலிருந்து ஆள் உயரத்தில் நாலு செடிகளைப் பெயர்த்து வந்து வாசலில் நட்டேன். இந்த வயசுச் செடி நட்ட வருஷமே பூக்கும் என்று அவன் சொல்லியிருந்தான். நடும்போது எட்டு இடத்தில் குத்தியது. ரொம்ப சந்தோஷமாக இருந்தது. சோறு போடாத குறையாக வளர்க்கப்போகும் என்னையே இப்படிக் குத்துகிறது, மானைச் சும்மா விடுமா?

ஒரேலியா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள்.

"மான் இலையத் தின்னாது, சரி. பூவ?"

"பூவையும் தின்னாது."

"தின்னுச்சுன்னா?"

"ஒரே ஒரு பூவ மான் தின்னாலும், படகை உன் தம்பிக்கே குடுத்துடறேன். எழுதி வேணா தரட்டுமா?"

"எழுதியெல்லாம் வேணாங்க. உங்க வாய்வார்த்தையே போதும்."

படகைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது என் உயிர். வீட்டின் பக்கவாட்டில், இழுவை வண்டி மேல், பதினோரு வருஷமாக நிற்கிறது. ஏரிதான் வற்றிவிட்டது, நான் வற்றவில்லை. என்றைக்காவது மழை பெய்யும், தண்ணீர் ஏறும், நான் படகை இறக்குவேன். அதுவரை குருவிகள் குடியிருக்கட்டும் என்று விட்டுவைத்திருந்தேன். ஒரேலியாவுக்கோ அந்த இடம் வேண்டும். அவள் தம்பி ஃபிடென்சியோ இரும்புப் பீப்பாயை அறுத்து, பற்றவைத்து, அவளுக்கென்றே ஒரு கரி அடுப்பு செய்து வைத்திருக்கிறான். வைக்க இடம் கிடைத்தால் இறக்கிவிடலாம் என்று மூன்று வருஷமாக அந்த அடுப்போடு பயமுறுத்திக்கொண்டிருக்கிறான்.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் தொடங்கியது. யூக்காவின் நடுவிலிருந்து முதல் பூந்தண்டு தலையை நீட்டியது. பத்தே நாளில் என் இடுப்பளவு. பிறகு மணி மணியாக வெள்ளை மொட்டு. நான் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். முடிதிருத்தும் கடையிலிருந்து ஒரு பை முடி வாங்கி வந்து செடியைச் சுற்றித் தூவினேன். மனித வாசனைக்கு மான் வராதாம். சோப்புக் கட்டிகளைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டேன். மறுநாள் ஒரு பெண்மான் வந்து சோப்பை நக்கிவிட்டு, நுரை வழிய என்னைப் பார்த்தது. நன்றி சொன்னது போலத்தான் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, ஞானஸ்நானத்துக்குப் போடும் அங்கி மாதிரி அத்தனை பூவும் விரிந்து நின்றது. நான் கடைக்குப் போய்விட்டு வந்தேன். தண்டு இல்லை.

பக்கத்து வீட்டு டெல்பர்ட்டைக் கூப்பிட்டுக் காட்டினேன். வேட்டைக்காரன். குனிந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"மானுக்கு மேல் வரிசையில முன்பல்லே கெடையாதுப்பா. பிச்சுப் பிடுங்கித்தான் தின்னும். இது கத்தி வெச்சு அறுத்த மாதிரி இருக்கே."

"இந்த மான் வேற. ரெண்டு வருஷமா என்கூட மோதுது. கத்துக்கிச்சு."

டெல்பர்ட் என்னைப் பார்த்தான். சரிப்பா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

எனக்கு அப்போது பல்லா முக்கியம்? படகு முக்கியம். நேராகக் கைவினைக் கடைக்கு ஓடினேன். பிளாஸ்டிக்கில் வெள்ளைப் பூ மூன்று பை. வீட்டில் துடைப்பக்கட்டை ஒன்று, பச்சை வர்ணம் ஒரு டப்பா. ஒரு மணி நேரத்தில் செடியின் நடுவில் புதுப் பூந்தண்டு நின்றது. பரலோகத்தில்கூட அவ்வளவு ஒழுங்காகப் பூக்காது.

அன்று மதியம் தவக்கால வெள்ளிக்கிழமைச் சாப்பாடு. இறைச்சி கிடையாது. எங்கள் வீட்டில் என் அம்மா வெள்ளிக்கிழமை என்றால் வறுத்த மீனோடு நிறுத்திக்கொள்வாள். ஒரேலியா நதிக்கரைக்காரி, சபாட்டா பக்கம், அவள் சமையலே தனி. முட்டையோடு வெள்ளையாக ஏதோ வதக்கி, சூடான டொர்ட்டியா ரொட்டியில் வைத்துக் கொடுத்தாள். கொஞ்சம் கசப்பு, கொஞ்சம் மொறுமொறுப்பு, பச்சை மிளகாய்க் காரம். நாலு தின்றேன். என்ன காய் என்று கேட்டேன். எப்போதாவதுதான் கிடைக்கும், சாப்பிடுங்கள் என்றாள். பிறகு ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்தாள்.

"பூ இன்னும் அப்படியே நிக்குதே. வாடவே இல்ல."

"நாட்டுச் செடி. அப்படித்தான் நிக்கும்."

"தேனீ ஒண்ணுகூட வரலியே."

"வறட்சி. தேனீக்கும் சோர்வு இருக்காதா?"

அவள் தலையை ஆட்டினாள். எவ்வளவு வெகுளி இவள் என்று எனக்கே பாவமாக இருந்தது.

இரண்டாவது தண்டும் ஒரு வெள்ளிக்கிழமை போனது. மூன்றாவதும் வெள்ளிக்கிழமை. இந்த மானுக்கு மாதாகோயில் காலண்டர் தெரிந்திருக்கிறது என்று வியந்துகொண்டே மேலும் இரண்டு துடைப்பங்களைத் தலைவேறு உடல்வேறாக்கினேன். வீடு கூட்ட முடியவில்லையே என்று ஒரேலியா கேட்கவில்லை. அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல் நாலு நாலாக டொர்ட்டியா தின்றுகொண்டிருந்தேன். கடைசித் தண்டு மட்டும் மொட்டாக இருந்தது. அதைச் சுற்றிக் கோழிக்கூட்டுக் கம்பிவலை போட்டு, நாலு பக்கமும் முளையடித்தேன்.

புனித வாரம் புதன்கிழமை காலை, காப்பி ஊற்றிக்கொண்டே ஒரேலியா சொன்னாள்.

"சாமியார்கிட்டப் பேசிட்டேங்க. உயிர்த்த ஞாயிறுக்குப் பீடத்துல உங்க பூதான். நாளைக்கு மாதர் சங்கத்துக்காரங்க எட்டுப் பேர் வந்து வெட்டிக்கிட்டுப் போறாங்க."

காப்பியைக் கீழே வைத்தேன். ஆண்டவர் உயிர்த்தெழும் நாளில், ஊரே முழங்காலில் நிற்க, பீடத்தின் மேல் என் மூன்று துடைப்பக்கட்டைகள். என் முப்பாட்டன் கல் சுமந்து கட்டிய கோயில் அது. என்னால் முடியவில்லை.

"ஒரேலியா, அது நெசப் பூ இல்ல."

"அப்படிங்களா?"

"நெசப் பூவ மான் தின்னுடுச்சு. மூணையும்."

"மான்தானா? நல்லாத் தெரியுமா? டெல்பர்ட்டுக்கு என்னமோ சந்தேகமாமே."

"அவனுக்கு என்ன தெரியும்? நான் கண்ணால பார்த்தேன். ஜோடியா வந்துச்சு. நின்னு, நிதானமா, மென்னு தின்னுச்சு."

பொய்தான். ஆனால் பாவத்தை ஒத்துக்கொள்ளும்போது முழுசாக ஒத்துக்கொண்டால்தானே மன்னிப்பும் முழுசாகக் கிடைக்கும். அவள் என் தோளைத் தட்டிக்கொடுத்தாள். போகட்டும், மான் தின்றால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்றாள். சங்கத்துப் பெண்களை வரவேண்டாம் என்று சொல்லிவிடுவதாகவும் சொன்னாள். படகைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசவேண்டிய அவசியமும் இல்லை. மத்தியானத்துக்குள் ஃபிடென்சியோ வண்டியோடு வந்துவிட்டான். குருவிகள் கூச்சல் போட்டன. நானும் உள்ளே போய்க் கொஞ்சம் அழுதேன். அந்தப் படகு இப்போது அவன் பண்ணையில் சோளம் கொட்டும் தொட்டி. மான்கள்தான் சாப்பிடுகின்றன.

பெரிய வெள்ளிக்கிழமை. படகு நின்ற இடத்தில் கரி அடுப்பு நின்றது. சாப்பாட்டுக்கு ஃபிடென்சியோவும் அவன் மனைவி ஹெர்மினியாவும் வந்திருந்தார்கள். பெரிய சட்டியில் அதே முட்டை, அதே வெள்ளை வதக்கல். ஹெர்மினியா ஒரு வாய் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அண்ணா, நதிக்கரை விட்டு வந்தப்புறம் யூக்காப் பூவ நான் இன்னைக்குத்தான் திங்கறேன். எங்கிருந்து இவ்வளவு புதுசா புடிச்சீங்க?"

எழுந்து வாசலுக்குப் போனேன். நாலாவது செடியின் நடு மொட்டையாக இருந்தது. முளைகள் ஓரமாக அடுக்கியிருந்தன. கம்பிவலை அழகாகச் சுருட்டி ஆணியில் மாட்டியிருந்தது. எவ்வளவு கற்றுக்கொண்ட மானாக இருந்தாலும் வலையைச் சுருட்டி ஆணியில் மாட்டாது.

தவக்காலத்தில் தன் அம்மா இந்தப் பூவைச் சமைப்பாள் என்று ஒரேலியா முப்பது வருஷமாக எனக்குச் சொல்லிவந்தாளாம். நானும் முப்பது வருஷமாகத் தலையாட்டினேனாம். அதைப் பிறகு சொன்னாள். அந்த நேரத்தில் நான் சமையலறைக்குள் புயலாக நுழைந்து, ஃபிடென்சியோ என் படகைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்றேன்.

"ஒரு பூவக்கூட மான் தின்னல. பந்தயத்துல ஜெயிச்சது நான்."

ஒரேலியா நிதானமாகக் கரண்டியைச் சட்டிக்குள் விட்டாள்.

"மான் தின்னுச்சுன்னு நான் ஒரு நாளாவது சொன்னேனா? ஜோடியா வந்து மென்னு தின்னத நீங்கதானே கண்ணால பார்த்தீங்க. உங்க வாய்வார்த்தைய நான் நம்பாம இருக்க முடியுமா? இன்னொரு கரண்டி வெக்கட்டுமா?"

தட்டை நீட்டினேன்.