கோழியிறகு அண்ணாச்சியும் பதினாலு கெண்டையும்

மூணாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். உப்பு மூட்டை சுமந்து, வலை இழுத்து, ரெண்டு விசைப்படகு, ஒரு ஐஸ் கம்பெனி, திரேஸ்புரத்தில் மாடி வீடு, எல்லாம் ஒத்தை ஆளாக உண்டாக்கினேன். அப்படிப்பட்ட என்னை மணலில் குப்புறப் படுக்க வைத்த ஒரே மனுஷர் கோழியிறகு அண்ணாச்சிதான்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். எழுபதுகளில் ஒரு கப்பல்காரன் மெல்லிசான தூண்டில்கம்பு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போக, பித்துப் பிடித்துவிட்டது. புழு கிடையாது, இறால் கிடையாது. சேவல் இறகை முள்ளில் சுற்றி ஈ மாதிரிக் கட்டுவார். எங்கள் தெருச் சேவல் ஒன்றுக்கும் கழுத்தில் இறகு நின்றதில்லை. கோடை வந்தால், இவ்வளவு பெரிய கடலை விட்டுவிட்டு, ஏரல் பக்கம் ஆறு வற்றி முழங்கால் ஓடையாக ஓடுகிற இடத்துக்குப் போய்விடுவார். நான் சிரிக்காத நாளில்லை.

என் மூத்தவளுக்குச் சம்பந்தம் பேச ஆலந்தலையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருவதாகத் தாக்கல் வந்தது. நாலு நாளாகக் கச்சான் காற்று, ஒரு படகும் போகவில்லை. என் ஐஸ் கம்பெனியில் ஐஸ் மட்டும்தான் இருந்தது. ஞாயிறு விடியக் காற்று நின்றது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்கள் கடலில் இறங்கமாட்டார்கள்.

"படகுக்காரன் வீட்டுல சாம்பாரா ஊத்தப்போறிய? அவுக எந்திரிச்சுப் போயிருவாக!" என்று என் வீட்டுக்காரி அழுதாள்.

மாதா கோயிலில் முதல் பூசை முடிந்து வந்த அண்ணாச்சியை மறித்தேன். "அண்ணாச்சி, இன்னைக்கு மீன் பிடிச்சா பாவமா?"

"கடலுக்குத்தாம்ல விலக்கு. ஆத்தைப் பத்திச் சாமியார் ஒண்ணும் சொல்லலையே. வண்டிய எடு."

ஓடைக்கரையில், படகு முனையில் நிற்கிற மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நின்று, "அங்கன கெடக்கு பாருங்க!" என்று சத்தம் போட்டேன். அத்தனை மீனும் சிதறிவிட்டது.

"ஏலே, இது கடலா? தண்ணி கண்ணாடியாக் கெடக்கு. உன் வேட்டி வெளுப்பு அதுக்குத் தெரியாதா? படுலே!"

படுத்தேன். ஊர்ந்தேன். கரையில் ஒரு இடத்தைக் காட்டி, "வெயிலுக்கு முதுகைக் காட்டி உக்காரு. அசையாத. மூச்சைக்கூட மெதுவா விடு" என்றார். ரெண்டு மணி நேரம் பாறையாக இருந்தேன். என் உடம்புக்குத் தக்க நிழல் தண்ணீரில் விழுந்தது. வெயில் தாங்காத கெண்டைகள் அதற்குள் வந்து கூடின. அண்ணாச்சி தள்ளி முழந்தாளில் நின்று, ஈ உட்காருகிற மாதிரி இறகை அங்கே இறக்கினார். பதினாலு கெண்டை!

மத்தியானம் சாப்பாட்டில் மாப்பிள்ளையின் அம்மா கெண்டைக் குழம்பை ஒரு வாய் எடுத்து வைத்தார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கடல் மீனு தெனமும் திங்கோம். நமக்காக ஆத்து மீனு தேடிப் பிடிச்சிருக்காக. நல்ல எடம்" என்றார்.

அப்போது நான் விட்ட மூச்சுக்கு ஒரு பாய்மரப் பாயே விரிந்திருக்கும்.

அண்ணாச்சியின் இறகுதான் அந்தக் கல்யாணத்தை முடித்தது என்று ஊரே சொல்கிறது. அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி என் நிழல். அதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அந்த மனுஷர் பேர் வருகிற இடத்தில், பக்கத்தில் என் பேரும் இருக்கவேண்டும்.