ரீக்கு ஒரு மிதி

"எஸ், து, தியா" என்று கைதட்டிக்கொண்டே வந்த டிராவல் ஏஜென்சிக்காரி, "ரீ" வந்ததும் குதிகாலால் தரையில் ஓங்கி மிதித்தாள். "அ, மோஸ்."

இத்தனையும் சேர்ந்து ஒரே ஒரு ஸ்பானிஷ் வினைச்சொல். அசைக்குக் கைதட்டு, அழுத்தத்துக்கு மிதி. இல்லாவிட்டால் மண்டையில் ஏறவில்லை, பாவம். பரீட்சையில் பாஸானால்தான் ஏஜென்சியில் வேலை நிரந்தரம்.

கீழேயிருந்து டொக் என்று சத்தம். வீட்டு ஓனர் துடைப்பக் கட்டையால் கூரையை இடிக்கிறார்.

"போச்சு," என்றான் புருஷன். "இந்த மாசம் அக்ரிமென்ட் புதுப்பிக்கணும். மனுஷன் சிரிச்சே நான் பார்த்ததில்ல. காலி பண்ணச் சொல்லப் போறார்."

காலுக்கடியில் தலையணை போட்டாள். டொக் டொக். சமையலறைக்குப் போய் மிதித்தாள். கீழே டொக்கும் சமையலறைக்கு வந்து சேர்ந்தது.

"நீங்க போய் ஒரு மன்னிப்பு கேட்டுட்டு வாங்களேன்."

"நானா மிதிச்சேன்?"

"அக்ரிமென்ட்ல யார் கையெழுத்து?"

கீழே இறங்கிப் போனான். போன வேகத்தில் திரும்பினான்.

"கதவைத் திறந்தார். கையில கட்டை. ரொம்ப சந்தோஷம்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"எதுக்குச் சந்தோஷம்?"

"தெரியல. வாயில வந்துது."

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. வேலையா, வீடா? மகா மேதாவியான புருஷன்தான் வழி சொன்னான்.

"நடுவுல திடுதிப்புனு மிதிச்சா யாருக்கும் தூக்கிவாரித்தான் போடும். எந்த வார்த்தையா இருந்தாலும் கடைசியில மிதி. மனுஷன் தயாரா இருப்பார்."

அப்படியே செய்தாள். சரியான அழுத்தத்தை மனசுக்குள் வைத்துக்கொண்டு, வாயால் எல்லா அசையையும் ஒரே மாதிரி ஒப்பித்து, வார்த்தை முடிந்ததும் 'மோஸ்' மேல் தொம்மென்று ஒரு மிதி. டொக் நின்றேபோனது. புருஷன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். பரீட்சையில் அவள் பாஸ்.

ரிசல்ட் வந்த சாயங்காலம் ஓனர் மாடியேறி வந்தார். முகம் செத்துக் கிடந்தது.

"மன்னிச்சுடுங்க சார்," என்று முந்திக்கொண்டாள். "பரீட்சை முடிஞ்சுது. இனிமே சத்தியமா மிதிக்க மாட்டேன்."

"அப்படிச் சொல்லிடாதம்மா," என்றார் ஓனர். "சரியாக் கேக்கலன்னுதான் தட்டினேன், கடைசியில நல்லாவே கேட்டுது, ஆனா நீ மிதிச்ச இடத்துலயே நானும் அதே பரீட்சையில அழுத்திச் சொல்லிட்டு வந்து பெயிலாயிட்டேன்."